சென்னை வேலையை விட்டுவிட்டு சுண்ணாம்புப் பூச்சு கற்க வரலாமா?

திண்ணைக்காரன், ஆகஸ்ட் 3, இரவு 10.40

வயது 31. சென்னையில் மென்பொருள் சோதனை வேலை, ஆறு வருஷம் முடிந்துவிட்டது. சொந்த ஊர் பள்ளத்தூர். பூர்வீக வீட்டில் எங்கள் புள்ளிக்கு (குடும்பப் பங்குக்கு) இரண்டு அறை இருக்கு, வாடகைப் பிரச்சினை இல்லை. கல்யாணம் ஆகவில்லை, கடன் இல்லை. வேலையை விட்டுவிட்டு பழைய வீடுகளுக்கான சுண்ணாம்புப் பூச்சு கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இதற்காகக் கல்லூரி, டிப்ளமோ எதிலும் சேரப்போவதில்லை. புத்தகம், காணொளி, கூட ஒரு கொத்தனார், அவ்வளவுதான். கையில் நாலரை லட்சம். போதுமா? எதிலிருந்து ஆரம்பிப்பது? 'மனசு சொல்வதைக் கேள்' என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.

பேரேடு ஆச்சி, ஆகஸ்ட் 3, இரவு 11.55

அது எந்த நாலரை லட்சம் தம்பி? வங்கியில் இருப்பதா, பிஎஃப்பையும் சேர்த்தா? பிஎஃப் என்றால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

வங்கியில் இருப்பது என்று வைத்துக்கொள்கிறேன். காரைக்குடி வட்டாரத்தில் வாடகை இல்லாத தனி ஆளுக்கு மாதம் 18,000 என்று போடுவோம்: சாப்பாடு, மின்சாரம், வண்டி, போன், வீட்டுக்குக் கொடுப்பது, மொய். மொய்யை எல்லோரும் விட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம் வைகாசியிலும் ஆவணியிலும் பத்திரிகை வந்து குவியும்போது தெரியும். 18 மாதத்துக்கு 3,24,000. பொருளும் கருவியும் 40,000. எதற்கும் தொடாத மூன்று மாதப் பணம் 54,000. கூட்டினால் 4,18,000. மிச்சம் 32,000. மருத்துவக் காப்பீட்டுக்கு அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

போதும். ஆனால் இழுத்துப் பிடித்தால்தான் போதும். இன்னும் நாலு மாதம் வேலை பார்த்தால் மூச்சு விடலாம். ஏன் நாலு மாதம் என்று சுண்ணாம்பு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மணியாசு, ஆகஸ்ட் 4, காலை 6.15

நாலு மாதம் சரியான கணக்கு. மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை நிற்காது. வெளிப்பூச்சு அப்போது நடக்காது. உள்பூச்சும் காயாமல் கிடக்கும். இப்போது விலகினால், ஊருக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். கையிருப்பில் மூன்று மாதம் சும்மா கரையும்.

டிசம்பர் கடைசியில் விலகுகிற மாதிரி கடிதம் கொடு. தையில் இறங்கினால் செப்டம்பர் வரை ஒன்பது மாதம் கைவேலை. அடுத்த மழை மூன்று மாதம் படிப்பு. அதற்கடுத்த தையிலிருந்து ஆறு மாதம் கூலிக்குச் சின்ன வேலை. ஆச்சி போட்ட 18 மாதம் இதுதான். மாசி, பங்குனி நல்ல காலம். சித்திரை வெயிலில் பூச்சு மேல்தோல் முதலில் காய்ந்து வெடிக்கும். அந்த மாதத்தில் வேலை செய்யாதே என்று சொல்லவில்லை. ஈரம் காக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மாதம் கிடையாது.

நாலாவது மாடி, ஆகஸ்ட் 4, மதியம் 1.20

அலுவலகப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பணி நியமனக் கடிதத்தில் பாருங்கள். ஐடியில் பல இடங்களில் 90 நாள். அப்படியானால் டிசம்பர் கடைசிக்கு செப்டம்பர் கடைசியிலேயே கடிதம் போக வேண்டும்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை): ஆறு வருஷம் என்பதால் கிடைக்கும். கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருஷத்தால் பெருக்க வேண்டும். அடிப்படை 30,000 என்றால் ஆறு வருஷத்துக்கு 1,03,846 ரூபாய். மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

பிஎஃப்: அப்படியே விடலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால், தொடர்ச்சியாக ஐந்து வருஷம் ஆகாமல் எடுக்கும் பணத்துக்கு வரி உண்டு. நடுவில் கம்பெனி மாறியிருந்தால் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்த்தால்தான் பழைய வருஷங்களும் அந்த ஐந்தில் வரும். பென்ஷன் பங்கு தனி. பத்து வருஷம் ஆகாதவர்கள் படிவம் 10சி வழியாக அதை எடுத்துவிடலாம், இல்லையென்றால் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைக்கலாம். பின்னால் மறுபடி வேலைக்குப் போனால் இந்த ஆறு வருஷமும் சேர்ந்துகொள்ளும். நான் சான்றிதழ் கட்சி. எத்தனை மாதம் கழித்து எவ்வளவு எடுக்கலாம் என்ற விதி மாறிக்கொண்டே இருப்பதால், விலகும் மாதத்தில் பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓவின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை: விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று சம்பளச் சீட்டு. பிஎஃப் கணக்கில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஏறாவிட்டால் எதுவும் நகராது.

பேரேடு ஆச்சி, ஆகஸ்ட் 4, மாலை 4.05

ஒரு சேர்க்கை. நிதியாண்டு நடுவில் விலகினால் வரிப்பிடித்தம் கூடுதலாகவே போயிருக்கும். முழு வருஷச் சம்பளத்தை மனதில் வைத்துத்தானே மாதாமாதம் பிடிக்கிறார்கள்? டிசம்பரோடு நின்றால் ஒன்பது மாத வருமானம்தான். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் மிச்சம் திரும்பி வரும். வேலையில்லை என்று ரிட்டர்னை விடுகிறவர்கள் சொந்தப் பணத்தை விடுகிறார்கள்.

மருத்துவக் காப்பீடு: கம்பெனிக் குழுக் காப்பீடு விலகும் நாளோடு முடிகிறது. அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அப்படி மாறினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். குறைந்தது 45 நாள் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். விலகிய பிறகு புதிதாக எடுத்தால், விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. சாரத்தில் ஏறப்போகிறவர் இதில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது.

தெக்கூரான், ஆகஸ்ட் 4, மாலை 6.30

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் முழுசாக வேண்டும் என்று இல்லை. நாலு வருஷம் முடிந்து ஐந்தாவதில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. இவருக்கு வேண்டாம், இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கு.

அப்புறம் ஒன்று. ஐடி வேலையை விட்டு சித்தாள் வேலைக்கு வருகிறேன் என்று வீட்டில் சொல்லியாச்சா?

திண்ணைக்காரன், ஆகஸ்ட் 4, இரவு 9.10

'பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு' என்று சொல்லியிருக்கிறேன்.

மணியாசு, ஆகஸ்ட் 5, காலை 6.00

சரி, சுண்ணாம்புக்கு வருவோம்.

முதல் மாதம் சுவர் பக்கமே போகாதே. நீற்றுவது மட்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பைக் கொட்டிவைத்து மேலே தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் ஓரிடத்தில் சூடு ஏறி ஆவியாக வெடித்து முகத்தில் அடிக்கும். இரும்பு டிரம் நல்லது, மெல்லிய பிளாஸ்டிக் வாளி உருகும். எடையில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு தண்ணீர். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் இருபது நிமிஷம் விடாமல் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. தேய்க்கக்கூடாது. எண்ணெய் விடு, பால் விடு என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்கக்கூடாது.

கொதி அடங்கியதும் கலக்கிச் சல்லடையில் வடிகட்டு. சல்லடையில் நிற்கும் கட்டிகள் சரியாக நீறாதவை, தூக்கிப் போடு. அவற்றில் ஒன்று பூச்சுக்குள் போனால் மாதக்கணக்கில் கழித்துக்கூட ஈரம் குடித்து ஊதி, சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி தெறித்து விழும். வடித்த பசையின் மேல் எப்போதும் இரண்டு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். காற்றுப் பட்டால் அது திரும்பக் கல்லாகத் தொடங்கிவிடும். அடிப்பூச்சுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஊறட்டும். மேல்பூச்சுக்கு மூன்று மாதம் ஊறினால் கரண்டியில் வெண்ணெயாக நிற்கும். ஆகவே தையில் வந்த முதல் வாரமே இரண்டு டிரம் நீற்றி மூடிவை.

மணல்: கண்ணாடி ஜாடியில் பாதி மணல், மேலே தண்ணீர், கொஞ்சம் உப்பு. நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் வை. மேலே படியும் வண்டலின் உயரம் மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் போனால் கழுவித்தான் எடுக்க வேண்டும். ஆற்று மணல் இப்போது கிடைப்பது கஷ்டம், எம்-சாண்ட்தான் கைக்கு வரும். அதில் தூள் அதிகம் என்பதால் இந்தச் சோதனையை ஒவ்வொரு லோடுக்கும் செய்.

மணியாசு, ஆகஸ்ட் 5, காலை 6.25

மேலே விட்டுப்போனது. உப்புத் தண்ணீர் ஜாடிச் சோதனைக்கு மட்டும்தான். கலவைக்கு நல்ல தண்ணீர். உப்பான போர்வெல் தண்ணீரில் கலந்தால் சுவரில் உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும், துடைக்கத் துடைக்க வரும்.

தெக்கூரான், ஆகஸ்ட் 5, காலை 10.15

முட்டை வெள்ளைக்கரு எங்கே? கடுக்காய் எங்கே? கருப்பட்டி? செட்டிநாட்டுப் பூச்சு என்றால் அதுதானே?

மணியாசு, ஆகஸ்ட் 5, இரவு 8.45

அதைக் கேட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். முதல் ஆறு மாதம் அந்தப் பொருள்கள் வேண்டாம் என்பேன். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் கலவையின் குணத்தையே மாற்றும், இறுகும் வேகம் மாறும். வெறும் சுண்ணாம்பும் மணலும் கைக்குப் பழகாமல் இவற்றைச் சேர்த்தால், வெடித்தபோது எதனால் வெடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவும் ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒவ்வொன்று. முட்டை கடைசி மேல்பூச்சுக்குத்தான். கானாடுகாத்தான் வீடுகளில் சுவர் கண்ணாடியாக மின்னுவதற்கு முட்டை மட்டும் காரணமில்லை. மெல்லிசு மெல்லிசாக ஏற்றிய பல பூச்சு, நாள்கணக்கில் ஊறிய பசை, கூழாங்கல்லால் தேய்த்த கை, மூன்றும் சேர்ந்தது.

சோதனைச் சுவர் கட்டு. செங்கல்லில் நாலடி நீளம் போதும். ஓரடிக்கு ஓரடி கட்டம். ஒரு கட்டத்தில் சுண்ணாம்பு 1, மணல் 2. அடுத்தது 1-க்கு 2.5. அடுத்தது 1-க்கு 3. தடிமன் 10-லிருந்து 12 மி.மீ., அதற்கு மேல் ஒரே பூச்சில் போகாதே. சுவரை முந்தின நாள் சாயங்காலமே நனை, காலையில் மறுபடி நனை. காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சி, பூச்சை ஏடாகக் கழற்றிவிடும். கரண்டியால் ஏற்றி, மட்டப்பலகையால் இழுத்து, கொஞ்சம் இறுகியதும் மணியாசு கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) வட்டமாகத் தேய். விரல் வைத்தால் தடம் விழ வேண்டும், கலவை விரலில் ஒட்டக்கூடாது. தேய்க்க அதுதான் நேரம். ஏழு நாள் நனைந்த சாக்கு தொங்கட்டும்.

வலைப்பின்னல் மாதிரி மெல்லிய வெடிப்பு என்றால் சுண்ணாம்பு அதிகம் அல்லது வேகமாகக் காய்ந்தது. தட்டினால் பொக்கென்று சத்தம் வந்தால் சுவர் நனையவில்லை. விரலில் மாவாக உதிர்ந்தால் மணல் அதிகம், அல்லது ஈரம் இல்லாமல் காய்ந்து இறுகாமலே நின்றுவிட்டது.

திண்ணைக்காரன், ஆகஸ்ட் 6, இரவு 11.20

படிக்க என்ன இருக்கிறது? காணொளிகளில் எல்லோரும் சுவரைத் தடவிக் காட்டுகிறார்கள், அளவு சொல்வதில்லை.

மணியாசு, ஆகஸ்ட் 7, காலை 6.10

ஐஎஸ் என்றால் இந்தியத் தரநிலை. ஐஎஸ் 712 கட்டடச் சுண்ணாம்பின் வகை. ஏ முதல் எஃப் வரை பிரித்திருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு போன்ற கொழுப்புச் சுண்ணாம்பு சி வகை, மேல்பூச்சுக்கு அதுதான். ஏ வகை தண்ணீரிலும் இறுகும், கட்டுமானத்துக்கு. கடையில் வெறும் 'சுண்ணாம்பு' என்று கேட்டு வாங்கினால் எது வரும் என்று தெரியாது, அதனால் இந்தப் பிரிவைப் படித்துவிட்டுப் போ. ஐஎஸ் 2394 பூச்சு செய்முறை, ஐஎஸ் 6932 சோதனைகள். இவற்றை வெளியிடும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தளத்தில் பதிவு செய்தால் இலவசமாக இறக்கலாம். ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் கட்டுமானப் பொருள் பாடங்களும் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.

ஆனால் தம்பி, கொத்தனாரைப் பட்டியலில் மூன்றாவதாக எழுதியிருக்கிறாய். முதலில் வைக்க வேண்டிய ஆள் அவர்.

பேரேடு ஆச்சி, ஆகஸ்ட் 7, மதியம் 12.30

இதைத்தான் எழுத நினைத்தேன். தானாகக் கற்பதில் பணத்தைவிடப் பெரிய ஓட்டை வேறு. தப்பு என்று சொல்ல ஆள் இருக்காது. அலுவலகத்தில் உங்கள் வேலையே மற்றவர் தப்பைப் பிடிப்பது. ஊருக்கு வந்தால் உங்கள் தப்பைப் பிடிப்பது யார்? இந்த ஏற்பாடு இல்லாமல் எடுக்கிற 18 மாதம் சம்பளமில்லாத விடுமுறை.

நம் பக்கத்துக்கு இது புதிதா? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை வேலைக்குப் போன பையன்களை எந்தக் கல்லூரியில் சேர்த்தார்கள்? பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, மேலாளானார்கள். முழுக்கச் செய்து கற்றது. ஆனால் ஒரு பைசா இடித்தாலும் ஐந்தொகை (முடிவுக் கணக்கு) நிற்காது. கணக்கே காட்டிக்கொடுத்துவிடும், முதலாளி கடல் தாண்டி இருந்தாலும்.

அதனால் நோட்டு போடுங்கள். நாள்வழி: தேதி, எந்த டிரம், எப்போது நீற்றியது, மணலில் வண்டல் எத்தனை, விகிதம், சுவர் எப்போது நனைத்தது, வெயிலா மேகமா. பேரேடு: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கம். 1, 3, 7, 28-ஆம் நாள் என்ன தெரிந்தது. மாதக் கடைசியில் ஒரு பக்கம் ஐந்தொகை: செலவான பணம், நின்ற கட்டம், விழுந்த கட்டம். அந்தப் பக்கத்தைக் கொத்தனாரிடம் படித்துக் காட்டுங்கள்.

தெக்கூரான், ஆகஸ்ட் 7, மதியம் 2.00

ஆச்சியின் பெயர்க்காரணம் இன்றைக்குத்தான் விளங்கியது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை எழுதியவர். பழைய புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சேர்த்துக்கொண்டே போனார். 1992-இல் அவர் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமே இருக்கிறது. பட்டத்தாலா வந்தது?

பேரேடு ஆச்சி, ஆகஸ்ட் 7, மாலை 3.40

இல்லைதான். ஆனால் நடுவில் பெயர்ப்பலகை இருந்ததை விட்டுவிடாதீர்கள். கைத்தொழில் ஒன்று இருந்தது. திண்ணைக்காரருக்கு இப்போதைக்கு அது சோதனை வேலை. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் வெளியிலிருந்து செய்கிற ஒப்பந்தம் கிடைத்தால் 18 மாதம் 24 ஆகும். முதல் மூன்று மாதம் மட்டும் வேண்டாம், கவனம் சிதறும்.

மணியாசு, ஆகஸ்ட் 8, காலை 6.05

தப்பைக் காட்ட ஆள் மட்டுமில்லை, பொருளும் உண்டு. ஃபீனால்ஃப்தலீன் 1 சதவீதக் கரைசல், ஆல்கஹாலில் கரைத்தது. பூச்சின் ஓரத்தை உளியால் உடைத்து, உடைந்த புது முகத்தில் தெளி. இளஞ்சிவப்பானால் அந்த ஆழத்தில் சுண்ணாம்பு இன்னும் காற்றைக் குடித்துக் கல்லாகவில்லை. நிறம் வராத பகுதி கல்லாகிவிட்டது. 28-ஆம் நாள் பார்த்தால் வெளியிலிருந்து சில மில்லிமீட்டர்தான் நிறமில்லாமல் இருக்கும், பயப்படாதே. நனைப்பதை நிறுத்திய கட்டத்தையும் நனைத்த கட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தெளித்துப் பார். சுண்ணாம்பு கல்லாக ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்கக் காய்ந்தாலும் கல்லாவது நின்றுபோகும், முழுக்க நனைந்தாலும் நின்றுபோகும். இதைப் படித்தால் மறக்கும், பார்த்தால் மறக்காது.

கரைசல் கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் கொடுக்கும் கடைகளில் கிடைக்கும். 1953-லிருந்து சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இயங்குகிற ஊர், வேதியியல் தெரிந்த ஆள் காரைக்குடியில் கிடைக்காமல் போகமாட்டார்.

கொத்தனாரிடம் சேர்வது: 'கற்றுக்கொடுங்கள்' என்று கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். 'ஒரு வேலை முடியும் வரை சித்தாளாக நிற்கிறேன்' என்று கேள். மணல் சலி, கலவை சுமந்து கொடு. அவர் கலவையில் தண்ணீர் விடும் நேரத்தைப் பார். கேள்வியை டீ நேரத்துக்கு வைத்துக்கொள். போனில் படம் பிடிப்பதை முதல் வாரம் செய்யாதே.

நாலாவது மாடி, ஆகஸ்ட் 8, இரவு 10.30

திரும்பி வரும் வழியும் வேண்டும். இரண்டு வருஷம் வரையான இடைவெளிக்கு விளக்கம் கேட்பார்கள், கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். நோட்டும் படங்களும் இருந்தால் பேச ஏதாவது இருக்கும். 12-ஆம் மாதம் ஒரு தேதி குறித்து, அன்றைக்குக் கையில் எவ்வளவு இருந்தால் தொடர்வது, எவ்வளவுக்குக் கீழே போனால் விண்ணப்பம் போடுவது என்று இப்போதே எழுதிவையுங்கள். அப்போது யோசித்தால் மனசு சாக்குச் சொல்லும்.

பேரேடு ஆச்சி, ஆகஸ்ட் 9, காலை 11.00

அந்தத் தொகையை நான் சொல்கிறேன். 12-ஆம் மாதக் கடைசியில் 1,62,000. ஆறு மாதச் செலவு 1,08,000, தொடாத 54,000. அதற்குக் கீழே என்றால் அன்றைக்கே விண்ணப்பம்.

முதல் கூலி வேலைக்கு முழு வீட்டை எடுக்காதீர்கள். ஒரு மாடம், ஒரு அறைச் சுவர், சிமெண்ட் வைத்துக் கெடுத்த ஒரு ஒட்டு. விலைப்புள்ளியில் பொருள், கூலி, சேதாரம், கூடவே ஏழு நாள் நனைக்க வருகிற ஆள் கூலி. கடைசியைத்தான் எல்லோரும் போட மறப்பது. பாதி முன்பணம். வீட்டுக்கு இருபது பங்காளி இருந்தால், யார் பணம் தருவது என்று ஒருவர் கையெழுத்து வாங்கிவிட்டு டிரம்மை இறக்குங்கள்.

மணியாசு, ஆகஸ்ட் 9, இரவு 7.50

அந்தச் சிமெண்ட் ஒட்டைப் பற்றி. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் உள் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பக்கத்தில் கிளம்பும், உப்பு ஒட்டின் ஓரத்தில் சேரும், ஒரு வருஷத்தில் சுற்றியுள்ள நல்ல பூச்சும் உதிரும். சரிசெய்யும்போது சிமெண்ட்டை எடுத்தவுடனே பூசாதே. சுவரைச் சில வாரம் திறந்து விடு, உப்பைத் தண்ணீர் விடாமல் காய்ந்த தூரிகையால் தட்டி எடு. வீட்டுக்காரர் அவசரப்படுவார். அந்த வாரங்களையும் விலைப்புள்ளியிலேயே எழுதிவிடு.

திண்ணைக்காரன், ஆகஸ்ட் 10, காலை 9.15

நோட்டீஸ் 90 நாள்தான், இப்போதுதான் பார்த்தேன். செப்டம்பர் கடைசியில் கடிதம் போகிறது. காப்பீட்டுக்கு நாளை எழுதுகிறேன். நனைக்கும் சாக்குக்குப் புதுச் சணல் சாக்கு வாங்கலாமா, பழசு கிடைக்குமா?

மணியாசு, ஆகஸ்ட் 10, மாலை 5.40

புதுச் சணல் சாக்கு மஞ்சள் சாயம் விடும், வெள்ளைப் பூச்சில் கறை நிற்கும். இரண்டு மூன்று தடவை ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்துவிட்டுத் தொங்கவிடு. மேல்பூச்சுக்குச் சாக்கே வேண்டாம், பழைய வேட்டி.

தெக்கூரான், ஆகஸ்ட் 10, மாலை 6.00

கரை கிழித்த வேட்டி. சாயக்கரை சுவரில் இறங்கினால் அதற்கும் கடுக்காய் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.